நீங்கள் செய்யாத செலவுக்கு உங்கள் பணமா? கார்டு மோசடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்டு என் பையிலேயே இருக்கிறது. அதில் வேறொருவர் எப்படிச் செலவு செய்ய முடிந்தது?

இணையத்தில் பொருள் வாங்க அந்தப் பிளாஸ்டிக் அட்டை தேவையில்லை. அதில் அச்சிட்டிருக்கும் எண், காலாவதித் தேதி, பின்புறத்து மூன்று இலக்கம் (சிவிவி) ஆகியவை போதும். இவை உங்கள் பையிலிருந்துதான் களவு போக வேண்டும் என்பதும் இல்லை. நீங்கள் எப்போதோ பொருள் வாங்கிய கடையிலிருந்து போயிருக்கலாம். 2013ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் டார்கெட் கடைகளிலிருந்து சுமார் 4 கோடி கார்டுகளின் விவரங்கள் திருடப்பட்டன. திருடர்கள் அந்தக் கடைகளின் குளிர்சாதன வேலைகளைப் பார்த்துவந்த ஒப்பந்த நிறுவனத்தின் கடவுச்சொல்லை முதலில் கைப்பற்றினார்கள். அதன் வழியாக உள்ளே நுழைந்து கல்லா இயந்திரங்கள் வரை போய்விட்டார்கள். வரிசையில் நின்று பணம் கட்டிவிட்டுப் போன வாடிக்கையாளர் இதைத் தடுக்க எதுவுமே செய்திருக்க முடியாது.

ஆகவே கார்டு எண் என்றைக்காவது வெளியே போகும் என்று வைத்துக்கொண்டே ஏற்பாடுகளைச் செய்யுங்கள். போன எண்ணைக் கொண்டு எவ்வளவு எடுக்க முடியும், எடுத்தது உங்களுக்கு எவ்வளவு சீக்கிரம் தெரியவரும் என்ற இரண்டும்தான் உங்கள் கையில் இருக்கின்றன. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த இரண்டையே சுற்றி வரும்.

சிவிவி எண்ணைக் கடைகள் சேமிக்கக் கூடாது என்கிறார்களே, அது எப்படிப் போகிறது?

கூடாதுதான். பரிவர்த்தனைக்கு ஒப்புதல் கிடைத்த பிறகு சிவிவியை வைத்திருப்பதை பிசிஐ எனப்படும் கார்டுத் துறையின் பாதுகாப்பு விதிகள் தடை செய்கின்றன. அதனால் திருடர்கள் சேமிப்புக் கிடங்கை விட்டுவிட்டு, நீங்கள் தட்டச்சு செய்யும் இடத்துக்கே வந்துவிட்டார்கள். 2018இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் இணையதளத்தில் நடந்தது இதுதான். தளத்தின் நிரலுக்குள் யாரோ 22 வரிகளைச் செருகிவிட்டார்கள். பயணி விவரங்களை நிரப்பிப் பொத்தானை அழுத்தியதும் அவை விமான நிறுவனத்துக்குப் போயின, கூடவே திருடர்களுக்கும் போயின. டிக்கெட் ஒழுங்காகப் பதிவானதால் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. இரண்டு வாரம் இப்படியே ஓடியது. 2020இல் அந்த நிறுவனத்துக்கு 2 கோடி பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது.

முகவரிப் பட்டையில் தெரியும் பூட்டுச் சின்னத்தைப் பார்த்து நிம்மதி அடைபவர்கள் நிறையப் பேர். உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்கு மட்டும்தான் அந்தப் பூட்டு உத்தரவாதம். தளத்துக்குள்ளேயே திருடன் உட்கார்ந்திருந்தால் அதற்குத் தெரியாது.

எங்குமே பயன்படுத்தாத புதுக் கார்டிலும் மோசடி நடந்திருக்கிறதே?

எண்ணை யாரும் திருடவில்லை, ஊகித்துவிட்டார்கள். பெரும்பாலான கார்டுகளில் 16 இலக்கங்கள் இருக்கின்றன. முதல் 6 அல்லது 8 இலக்கங்கள் எந்த வங்கி, எந்த வகைக் கார்டு என்பதைக் குறிப்பவை. அவை ரகசியமே இல்லை. கடைசி இலக்கம் மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு எண். ஐபிஎம் பொறியாளர் ஹான்ஸ் பீட்டர் லூன் 1950களில் வகுத்த சூத்திரம் அது, பள்ளி மாணவரே போட்டுப் பார்த்துவிடலாம். எட்டையும் ஒன்றையும் கழித்தால் மிஞ்சுவது ஏழு இலக்கம், அதாவது ஒரு கோடி வாய்ப்புகள். மனிதனுக்கு அது மலை, கணினி நிரலுக்குச் சில மணி நேர வேலை. காலாவதித் தேதிக்குச் சில டஜன் மாதங்களைப் போட்டுப் பார்க்கலாம். சிவிவிக்கு ஆயிரம் வாய்ப்புகள்தான். சிவிவியையே கேட்காத தளங்களும் உலகில் இருக்கின்றன.

வங்கிகள் இத்தகைய முயற்சிகளைக் கண்டுபிடித்துத் தடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனாலும் சில எண்கள் தப்பிவிடும். உங்கள் எண் அதில் ஒன்றாக இருந்தால், உங்கள் கவனக்குறைவு என்று யாரும் சொல்ல முடியாது.

மிகச் சிறிய தொகைதான் போயிருக்கிறது. இதற்காக வங்கியோடு மல்லுக்கட்ட வேண்டுமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். அந்தச் சின்னத் தொகை ஒரு சோதனை. திருட்டு எண்களை மொத்தமாக வாங்கியவனுக்கு அவற்றில் எது உயிரோடு இருக்கிறது என்று தெரியாது. எனவே யாரும் பொருட்படுத்தாத ஒரு தொகையைப் போட்டுப் பார்க்கிறான். நன்கொடை வாங்கும் பக்கங்கள், பாட்டுச் சந்தா, செயலிக் கடை போன்றவை இதற்கு வசதியான இடங்கள்.

அறிக்கையில் அது எப்படித் தெரியும் என்றால், நள்ளிரவு தாண்டி நீங்கள் கேள்விப்படாத பெயரில் ஒரு ரூபாய், ஒரு டாலர் போன்ற சின்னத் தொகை. இரண்டு நிமிடம் கழித்து அதே பெயரில் அதே தொகை திரும்ப வரவாகிறது. பார்ப்பவருக்கு ஏதோ தவறு நடந்து சரியாகிவிட்டது போல் தோன்றும். பிறகு மூன்று நாள் அமைதி. நான்காம் நாள் மின்னணுப் பொருட்கள் விற்கும் கடையில் பெரிய தொகை, பத்து நிமிடத்துக்குள் அதே அளவில் இன்னொன்று, மூன்றாவது முயற்சி வரம்பு தாண்டியதால் நிராகரிப்பு. அந்த முதல் வரியைப் பார்த்தவுடன் கார்டை முடக்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

எல்லாப் பரிவர்த்தனைகளுக்கும், தொகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், குறுஞ்செய்தியோ செயலி அறிவிப்போ வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் மட்டும் அறிவிப்பு என்று சில வங்கிகள் முன்னமைத்து வைத்திருக்கும். அந்த வரம்பைப் பூஜ்யமாக மாற்றுங்கள்.

டெபிட் கார்டா, கிரெடிட் கார்டா, எது பாதுகாப்பு?

மோசடி என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் கிரெடிட் கார்டு. அதில் திருட்டுப் போவது முதலில் வங்கியின் பணம். தகராறு முடியும்வரை அந்தத் தொகையைக் கட்டாமல் இருக்கப் பல நாடுகளின் விதிகள் இடம் தருகின்றன. டெபிட் கார்டில் போவது உங்கள் சம்பளம். அது திரும்பி வரும் என்றே வைத்துக்கொண்டாலும், வரும்வரை வாடகையும் கடன் தவணையும் காத்திருக்குமா? காசோலை திரும்பினால் அதற்கு வேறு அபராதம்.

கிரெடிட் கார்டு வேண்டாம் என்பவர்கள் இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளலாம். சம்பளமும் சேமிப்பும் இருக்கும் கணக்கின் கார்டை இணையப் பயன்பாட்டுக்கு முழுவதுமாக மூடிவிடுங்கள். இணையச் செலவுக்குச் சிறு இருப்புள்ள இன்னொரு கணக்கு, தேவைப்படும்போது மட்டும் அதில் பணம். செலவில்லாத ஏற்பாடு, ஆனால் செய்பவர்கள் குறைவு. இரண்டாவது கணக்கில் பணம் குறையும்போது முதல் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும் வசதி இருந்தால் அதை நிறுத்த மறக்காதீர்கள். அது திறந்திருந்தால் இரண்டு கணக்கும் ஒன்றுதான்.

செய்யாத செலவு ஒன்றைப் பார்த்துவிட்டேன். முதலில் என்ன செய்வது?

கார்டை முடக்குங்கள். வங்கிச் செயலியில் அதற்குப் பொத்தான் இருக்கும். யார் செய்திருப்பார்கள், எந்தத் தளத்தில் போயிருக்கும் என்ற ஆராய்ச்சியெல்லாம் பிறகு.

அடுத்து வங்கியை அழையுங்கள். எண்ணைக் கார்டின் பின்புறத்திலிருந்தோ வங்கிச் செயலியிலிருந்தோ எடுங்கள். இணையத்தில் தேடி எடுக்காதீர்கள். பதற்றத்தில் தேடுபவர்களுக்காகவே போலி வாடிக்கையாளர் சேவை எண்களைத் தேடல் முடிவுகளில் போட்டு வைத்திருக்கும் கும்பல்கள் உண்டு. கொஞ்சம் இழந்தவர் மிச்சத்தையும் இழப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

பேசும்போது, "இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை, யாருக்கும் அனுமதியும் தரவில்லை" என்று நேரடியாகச் சொல்லுங்கள். "ஏதோ பிரச்சினை போலிருக்கிறது" என்று இழுத்தால் சேவைக் குறைபாட்டுப் புகாராகப் பதிவு செய்துவிடுவார்கள், அது வேறு வரிசையில் போய் நிற்கும். புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே அதே விவரத்தை மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். எப்போது தெரிவித்தீர்கள் என்பதை வைத்துத்தான் பின்னால் பொறுப்பு யாருடையது என்று முடிவாகும். தொலைபேசி உரையாடல் அவர்கள் கையில் இருக்கிறது, மின்னஞ்சல் உங்கள் கையில் இருக்கும்.

காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவிலும் புகார் கொடுங்கள். பெரிய தொகையாக இருந்தால் வங்கியே அதன் நகலைக் கேட்கும்.

தற்காலிகமாக முடக்குவதும் ரத்து செய்வதும் ஒன்றா?

இல்லை. முடக்கிய கார்டை மறுபடி திறக்கலாம். கார்டை எங்கோ வைத்துவிட்டுத் தேடும்போது அது போதும். மோசடி உறுதியானால் ரத்து செய்து புது எண்ணில் கார்டு வாங்க வேண்டும். முடக்கிய நிலையிலும் மாதச் சந்தா போன்ற சில தானியங்கிக் கட்டணங்களைச் சில வங்கிகள் அனுமதிக்கின்றன. திருட்டு எண்ணில் சந்தா தொடங்கியிருந்தால் அதுவும் உள்ளே வந்துவிடும்.

தொகை 'நிலுவை' என்று காட்டுகிறது. அது முடியும்வரை காத்திருக்கச் சொல்கிறார்கள்.

கார்டுச் செலவு இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் வங்கி ஒப்புதல் தந்து அந்தத் தொகையை ஒதுக்கி வைக்கிறது. பிறகு, பெரும்பாலும் ஒன்றிரண்டு நாட்களில், கடை அதைக் கோரிப் பெறுகிறது. முறைப்படியான தகராறு இரண்டாம் கட்டத்துக்குப் பிறகுதான் தொடங்கும் என்பது உண்மை. ஆனால் மோசடி என்று தெரிவிக்கவும் கார்டை மூடவும் எந்தக் கட்டத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. காத்திருக்கச் சொன்னால், "புகாரை இப்போதே பதிவு செய்யுங்கள், தகராறுப் படிவத்தைப் பிறகு தருகிறேன்" என்று சொல்லுங்கள். கடை பொருளை இன்னும் அனுப்பியிராவிட்டால், கடைக்கே எழுதி நிறுத்தச் சொல்லவும் வாய்ப்பிருக்கிறது.

பணம் திரும்பக் கிடைக்குமா?

நீங்கள் எந்த ரகசியத்தையும் யாருக்கும் கொடுக்காமல், சீக்கிரம் தெரிவித்திருந்தால் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் டெபிட் கார்டு தொலைந்தது தெரிந்த இரண்டு வேலை நாட்களுக்குள் சொன்னால் வாடிக்கையாளரின் இழப்பு 50 டாலருக்கு மேல் போகாது. தாமதித்தால் 500 டாலர். அறிக்கை அனுப்பப்பட்டு 60 நாட்கள் கடந்தும் சொல்லாவிட்டால், அதற்குப் பிறகு நடக்கும் மோசடிகளுக்கு வரம்பே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுவான வரம்பு 50 யூரோ. இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை, மூன்றாம் தரப்பின் மீறலால் நடந்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை என்றது. நாலிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் என்றால் வரம்புக்கு உட்பட்ட பொறுப்பு. பொறுப்பு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டிய கடமையையும் அது வங்கியின் மீதே வைத்தது.

நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், வங்கியின் விதிமுறைகளில் தேட வேண்டியது இதுதான்: தெரிவிக்கக் கெடு எத்தனை நாள், அந்தக் கெடு எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படுகிறது.

சட்டத்துக்கு அப்பால் கார்டு நிறுவனங்களின் 'சார்ஜ்பேக்' ஏற்பாடும் இருக்கிறது. உங்கள் வங்கி கடையின் வங்கியிடமிருந்து பணத்தைத் திரும்பக் கேட்கும் வழி அது. விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் பெரும்பாலான தகராறுகளுக்குக் கெடு 120 நாள். அது உங்கள் வங்கிக்கு உள்ள கெடு, உங்களுக்கு வங்கி தரும் கெடு அதைவிடக் குறைவாக இருக்கலாம்.

ஓடிபியை நானே சொல்லிவிட்டேன். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

கடினம்தான், ஆனாலும் உடனே புகார் செய்யுங்கள். பணம் அடுத்த கணக்கிலேயே நின்றுகொண்டிருந்தால் முடக்க முடியும். அதற்குரிய நேரத்தை மணிக் கணக்கில்தான் சொல்ல வேண்டும், நாள் கணக்கில் இல்லை.

ஏமாறுபவர்களை முட்டாள்கள் என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. அந்த அழைப்பு எப்படி இருக்கும் என்று தெரிந்தால் அப்படிப் பேச மாட்டார்கள். அழைப்பவர் உங்கள் பெயரைச் சொல்வார், கார்டின் கடைசி நான்கு இலக்கங்களையும் சொல்வார். "சார், வங்கியின் பாதுகாப்புப் பிரிவிலிருந்து பேசுகிறேன். உங்கள் கார்டில் இப்போது ஒரு பெரிய தொகை போகப் பார்க்கிறது. நீங்கள் செய்கிறீர்களா?" என்பார். நீங்கள் பதறி இல்லை என்பீர்கள். "நல்லவேளை, நிறுத்திவிடுகிறேன். ரத்து செய்வதற்கான எண் ஒன்று குறுஞ்செய்தியில் வரும், அதைப் படியுங்கள்" என்பார். எண்ணும் வரும். உண்மையான வங்கியிலிருந்தே வரும், ஏனென்றால் அந்தச் செலவை அந்த நொடியில் செய்துகொண்டிருப்பவர் அவரேதான்.

இதில் ஒரு இடத்தில் மட்டும் பொய் வெளிப்படும். குறுஞ்செய்தியை எண்ணுக்காக மட்டும் பார்க்காமல் முழுவதும் படித்தால், எந்தக் கடைக்கு எவ்வளவு தொகை என்று அதிலேயே எழுதியிருக்கும். ஒரு செலவை ரத்து செய்ய எந்த வங்கிக்கும் ஓடிபி தேவைப்படாது. பணம் உங்களுக்கு வருவதற்கும் தேவைப்படாது.

ஓடிபி சரியாகப் போடப்பட்டிருக்கிறது, எனவே நீங்கள்தான் செய்திருக்கிறீர்கள் என்று வங்கி மறுக்கிறது.

அந்த வரியோடு திரும்பி வராதீர்கள். எழுத்தில் கேளுங்கள்: ஓடிபி எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்கு அனுப்பப்பட்டது? அதற்குச் சற்றுமுன் கைப்பேசி எண்ணோ மின்னஞ்சலோ மாற்றப்பட்டதா? எந்தச் சாதனத்திலிருந்து, இணைய இணைப்பின் எந்த எண்ணிலிருந்து (ஐபி முகவரி) செய்யப்பட்டது? பொருள் எந்த முகவரிக்குப் போனது? நேரில் நடந்ததாகச் சொன்னால், சிப்பிலா, காந்தப் பட்டையிலா?

அன்றைக்கு உங்கள் கைப்பேசியில் சிக்னல் திடீரென்று அற்றுப்போய் நெடுநேரம் வரவில்லை என்றால் அதையும் குறிப்பிடுங்கள். உங்கள் பெயரில் வேறொரு சிம் வாங்கி ஓடிபியைத் தன்பக்கம் திருப்பிக்கொள்வது தெரிந்த முறை. தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் சிம் மாற்றிய தேதியை எழுத்தில் வாங்கிவிட்டால் வழக்கு உங்கள் பக்கம் சாயும். வங்கி அப்போதும் மறுத்தால், வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வங்கியின் இறுதிப் பதில் எழுத்தில் இருப்பது அங்கே உதவும்.

தெரியாத பெயரில் செலவு இருந்தாலே மோசடியா?

இல்லை. கடையின் பலகையில் ஒரு பெயர், வங்கி அறிக்கையில் அதன் தாய் நிறுவனத்தின் பெயர் என்பது சாதாரணம். தேதியையும் தொகையையும் வைத்து மின்னஞ்சலில் ரசீதைத் தேடுங்கள். வீட்டில் கேளுங்கள். பிள்ளைகள் விளையாட்டுச் செயலியில் வாங்கிய வைரங்களும் நாணயங்களும் இந்த வகையில் நிறைய வரும். அவற்றை மோசடி என்று எழுதிக் கொடுக்காதீர்கள். பொய்ப் புகார் என்று தெரிந்தால், உண்மையான புகாருக்குப் போகும்போது மதிப்பிருக்காது. செயலிக் கடையிடமே திருப்பிக் கேட்கலாம்.

இலவசச் சோதனை என்று சேர்ந்தேன், மாதாமாதம் பிடிக்கிறார்கள். கார்டை மாற்றிவிட்டால் நின்றுவிடுமா?

நிற்காமலும் போகலாம், பலருக்கும் இது அதிர்ச்சியாக இருக்கும். கார்டு மாறினால் புது எண்ணைச் சந்தா நிறுவனங்களுக்குத் தானாகவே தெரிவிக்கும் சேவையைக் கார்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. மின்கட்டணம் தவறாமல் போக அது உதவுகிறது, வேண்டாத சந்தாவும் அதே வழியில் பின்தொடர்ந்து வருகிறது. முதலில் சந்தாவை ரத்து செய்து அதற்கான ஆதாரத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகும் பிடித்தால், கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெற்றுவிட்டதாக வங்கிக்கு எழுதுங்கள்.

தட்டிப் பணம் செலுத்தும் கார்டை, கூட்டத்தில் உரசிப் போகிறவர் இயந்திரம் வைத்துச் சுரண்டிவிட முடியுமா?

சில சென்டிமீட்டர் தூரத்துக்குள் கொண்டுவர வேண்டும், தொகைக்கு வரம்பு உண்டு, பணம் போய்ச் சேரும் வணிகக் கணக்குக்கு ஒரு முகவரி உண்டு. திருடனுக்கு இதைவிடச் சுலபமான வழிகள் இருக்கும்போது இதற்கு ஏன் மெனக்கெட வேண்டும்? ரேடியோ அலைகளைத் தடுக்கும் பணப்பை என்று விற்பதை வாங்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. தட்டும் வசதி தேவையில்லை என்றால் செயலியில் அணைத்துவிடுங்கள். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கும் அதேதான்: பயணம் இல்லாதபோது அது ஏன் திறந்திருக்க வேண்டும்?

ஏடிஎம் இயந்திரத்தில் திருட்டுக் கருவி இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

கார்டு நுழையும் வாயைப் பிடித்து லேசாக அசைத்துப் பாருங்கள். வங்கி பொருத்தியது அசையாது. ஸ்கிம்மர் என்னும் கருவி மேலே ஒட்டப்பட்டது, கொஞ்சம் ஆடும். நிறம் சற்று மாறியிருக்கும், ஓரத்தில் பசை தெரியலாம். அது படிப்பது காந்தப் பட்டையை. பட்டையில் உள்ள தகவல் எப்போதும் மாறாதது, எனவே நகலெடுக்கலாம். சிப் ஒவ்வொரு முறையும் புதிய குறியீட்டை உருவாக்குவதால் பழையதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. மாஸ்டர்கார்டு தன் கார்டுகளில் பட்டையையே 2033க்குள் ஒழிக்கப்போவதாக அறிவித்திருக்கிறது.

நீங்கள் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு நேர்த்தியான கருவிகளும் உண்டு. அப்போது காப்பாற்றுவது, பின் எண்ணை அழுத்தும் கையை மறு கையால் மறைப்பதுதான். பட்டை நகல் கையில் இருந்தாலும் பின் இல்லாமல் ஏடிஎம்மில் பணம் எடுக்க முடியாது.

கடைத் தளங்களில் கார்டைச் சேமித்து வைக்கலாமா?

டோக்கன் முறையில் சேமிக்கும் தளமாக இருந்தால் பெரிய ஆபத்து இல்லை. அங்கே இருப்பது அந்தக் கடைக்கு மட்டும் செல்லுபடியாகும் மாற்று எண். திருடினாலும் வேறிடத்தில் உதவாது. கைப்பேசியில் தட்டிச் செலுத்தும்போதும் இதுவே நடக்கிறது, கடைக்கு உங்கள் உண்மையான எண் போவதே இல்லை. ஆனால் அந்தத் தளத்தின் கடவுச்சொல்லை வேறெங்கும் பயன்படுத்தியிருக்கக் கூடாது. கணக்குக்குள் நுழைந்தவனுக்கு டோக்கனும் கார்டும் ஒன்றுதான்.

எப்போதாவது ஒரு முறை வாங்கும் தளத்தில் சேமிக்கவே வேண்டாம். அட்டை இல்லாமல் எண் மட்டும் உள்ள மெய்நிகர் கார்டை வங்கி தருமானால் அங்கே அதைப் போடுங்கள். தொகையையும் காலத்தையும் நீங்களே வரையறுக்கலாம், வேலை முடிந்ததும் அழித்துவிடலாம்.

புதுக் கார்டு வந்துவிட்டது. பழையதை என்ன செய்வது?

தூக்கிப் போடுவதற்கு முன், பழைய எண்ணில் ஓடிக்கொண்டிருந்த காப்பீட்டுத் தவணை, மின்கட்டணம் எல்லாம் புதிய எண்ணுக்கு மாறிவிட்டனவா என்று பாருங்கள். தவணை தவறிக் காப்பீடு காலாவதியானால் அது மோசடியில் போனதைவிடப் பெரிய நஷ்டம். பிறகு சிப்பின் குறுக்காகவும் காந்தப் பட்டையின் குறுக்காகவும் கத்தரித்து, துண்டுகளை வெவ்வேறு நாளில் குப்பையில் போடுங்கள்.